வளைவில் உரிந்த வரவேற்பு

அன்பு மகன் சிட்டுவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் நலம், என் இடது முழங்காலை மட்டும் அதில் சேர்க்காதே. நீ நலம் என்பதை அம்மா சொல்லித் தெரிந்துகொள்கிறேன். ஃபோனை நான் எடுத்தால் "அம்மாகிட்ட குடுங்க" என்கிறாய், நானும் வாயைத் திறக்காமல் கொடுத்துவிடுகிறேன், ஆறு வருடமாக நமக்குள் இவ்வளவுதான் பேச்சு. காகிதம் என்றால் யாரிடமும் கொடுக்கச் சொல்ல முடியாதே, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். பாதியில் மடித்து வைத்துவிடாதே, ஒரு நல்ல செய்தி இருக்கிறது.

உன் சைக்கிள் அணிக் கேப்டன் மாட்டிக்கொண்டது அங்கேயும் தெரிந்திருக்கும். ஊக்கமருந்துக்கான ரத்தப் பரிசோதனையில் பிடிபட்டு மூன்று மாதம் இல்லவே இல்லை என்று சாதித்தான், பிறகு வேறு வழியில்லாமல் டிவியில் உட்கார்ந்து அழுதான். பக்கத்தில் மனைவி, கையில் கைக்குட்டை, பின்னால் மெல்லிய இசை வேறு. உடனே ஊரே உருகிவிட்டது. பாவம், எவ்வளவு அழுத்தம், மனுஷன்தானே என்று ஆரம்பித்துவிட்டார்கள். நீ ஆறு வருடத்துக்கு முன்னால் மாட்டிய முதல் நாளே ஆமாம் ஊசி போட்டுக்கொண்டேன் என்று சொன்னவன். உன்னை யாராவது மனுஷன்தானே என்றார்களா? அதே டாக்டர், அதே ஹோட்டல் அறை, பக்கத்து நாற்காலியில் அவனும் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான் என்று நீதானே சொன்னாய். அப்படிப்பட்டவன் அன்று மைக் முன்னால் நின்று இந்த மாதிரி ஆட்களைக் குப்பை மாதிரிக் கூட்டித் தள்ள வேண்டும் என்றான், நம் வீட்டில் இரண்டு முறை கை நனைத்தவன். நீ செய்தது தப்பு, அதை ஒருநாளும் சரி என்று சொல்ல மாட்டேன். ஆனால் கல்லெறிவதென்றால் எல்லார் மேலும் ஒரே கல்லை எறிய வேண்டாமா? உனக்குச் சேறு, அவனுக்குப் பூவா? மருந்துக் கடையில் அம்மா இருமல் மருந்து கேட்டபோது "பையனுக்கா வாங்குறீங்க" என்று கடை முழுக்கக் கேட்கிற மாதிரிக் கேட்டுச் சிரித்தவன், இப்போது கண்ணாடிக் கதவில் கேப்டன் படத்தை ஒட்டி நாங்கள் உன்னோடு இருக்கிறோம் என்று எழுதி வைத்திருக்கிறான். ரொட்டிக் கடைக்காரர் உன் படத்தைக் கழற்றிய அதே ஆணியில் அவன் படத்தை மாட்டினார். நான் தினமும் அந்த வழியாகத்தான் வேலைக்குப் போகிறேன், வயிறு எரியாமல் என்ன செய்யும்.

இதற்கு மேல்தான் விஷயமே. போன ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் பந்தயம் நம் மேட்டு வழியாகப் போனது. முன்னால் திறந்த காரில் அவன் விருந்தாளியாக வருகிறான், உண்மையைச் சொன்ன துணிச்சலுக்காகவாம். வரவேற்புக் குழுவுக்குத் தலைவர் யார் தெரியுமா, நம் சைக்கிள் கடைக்காரர். உன்னிடம் சட்டையில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, பிறகு நம் வீட்டுக்கு எதிரே வளைவில் ஊசித் திருடன் என்று ஆள் உயர எழுத்தில் எழுதி, ஊசிப் படத்தின் முனையை நம் கேட்டைப் பார்த்து வரைந்தாரே, அவரேதான். அந்த வளைவிலேயே கேப்டனே வருக என்று பெரிதாக எழுத வேண்டும் என்று எங்கள் ஆபீசில் மனு கொடுத்தார். சாலைக் கோடு போடுகிற வேலை யார் கையில் இருக்கிறது, உன் அப்பன் கையில். இன்ஜினியர் என்னைக் கூப்பிட்டு, சங்கடமா இருந்தா வேற ஆளை அனுப்பறேன் என்றார். எனக்கென்ன சார் சங்கடம், நானே போடுறேன் என்றேன். அவர் என்னைப் பெரிய மனசுக்காரன் என்று நினைத்துக்கொண்டார்.

உனக்கு நினைவிருக்கும், அந்த வளைவில் முதலில் ரசிகர்கள் சிட்டு என்று உன் பெயரை எழுதியிருந்தார்கள், ஊசித் திருடன் என்பதைக் கடைக்காரர் அதை ஒட்டித்தான் எழுதினார். அழிக்கச் சொல்லி அன்றும் என்னைத்தான் அனுப்பினார்கள். அந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்க முடியாமல் உன் பெயரை முதலில் செதுக்கி எடுத்தேன், அதற்குள் மிஷின் பல் தேய்ந்து நின்றுவிட்டது. மீதியின் மேல் கறுப்பு பெயிண்ட் அடித்து மூடிவிட்டு வந்துவிட்டேன். அடியில் கடைக்காரர் எழுதியிருப்பது இரும்பு கேட்டுக்கு அடிக்கிற எனாமலில், தாரில் நன்றாக ஊறியது, அது எங்கே போகும். பழைய கறுப்பின் மேல் புது வெள்ளையை உருக்கி ஊற்ற வேண்டுமென்றால், கறுப்பைச் சுரண்ட வேண்டும், ரோடு காய வேண்டும், அடிப்பசை பூச வேண்டும். இருபத்தொன்பது வருடமாக நான் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பாடம் இது. வெள்ளிக்கிழமை மழை பெய்தது. சனிக்கிழமை காலை ஈரத்தோடு ஈரமாகக் கேப்டனே வருக என்று அளவெடுத்து, கயிறு கட்டி, என் வாழ்நாளிலேயே அழகான எழுத்தாகப் போட்டேன். வெள்ளை உருக்குகிற வண்டிக்காரர் "பசை பூசலையாண்ணே" என்றார். இதுக்கு இது போதும் என்றேன். அவர் என் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டுப் பசை டின்னைத் திரும்ப வண்டியில் ஏற்றினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பந்தயத்துக்கு முன்னால் விளம்பர வண்டிகள் நாற்பது போயின. ஈரத்தில் போட்ட வெள்ளை தனியாக உரியாது மகனே, தான் ஒட்டியிருக்கும் கறுப்பையும் பிய்த்துக்கொண்டுதான் வரும். டயர்கள் ஏற ஏற வருக வில்லை வில்லையாகக் கழன்றது. கேப்டன் கார் வளைவுக்கு வந்தபோது ரோட்டில் மிச்சமிருந்தது ஊசித் திருடன், அவ்வளவுதான். மேலே ஹெலிகாப்டர் கேமரா. கூட்டத்தில் யாரோ ஒருவர் சத்தமாகப் படித்தார், பிறகு எல்லாரும் படித்தார்கள். ஆட்டிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது, கார் கடக்கும் வரை அவன் குனிந்த தலை நிமிரவில்லை. சைக்கிள் கடைக்காரர் தன் கையெழுத்தைத் தானே பார்த்துக்கொண்டு மாலையும் கையுமாக நின்றார். எனக்கு இனித்தது. பொய் சொல்ல மாட்டேன், ஆறு வருடத்தில் அன்றுதான் சாப்பாடு ருசித்தது. அம்மா ஆறு வருடமாகச் சாத்தியே வைத்திருந்த அந்தப் பக்கத்து ஜன்னலைத் திறந்து, நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தாள். ஆபீசிலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது. மழை சார் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஓய்வுக்கு இன்னும் எட்டு மாதம், என்னை என்ன செய்துவிடுவார்கள்.

ஆனால் சாப்பிட்டு முடித்து ஜன்னலருகே நின்றபோது ஒன்று உறுத்தியது. உன்னை ஏசியவர்களில் ஒருவரையும் விடாமல் நினைவில் வைத்திருந்தேன், ஒருத்தனை மட்டும் விட்டுவிட்டேன். மைக்கோடு கேட்டருகே நின்றவர்களிடம் "அவன் என் புள்ளையே இல்ல" என்று சொன்னவன். நீ அதை ரயில் நிலைய டிவியில் கேட்டாய் என்று அம்மா பிறகு சொன்னாள். இந்தத் தெருவில் எவனும் அதைவிடப் பெரிய எழுத்தில் எதையும் எழுதவில்லை. இவ்வளவு நாள் கேப்டன் மேலும் கடைக்காரர் மேலும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்ததில் அவன் வசதியாக ஒளிந்துகொண்டான்.

வளைவைச் செதுக்கிச் சுத்தம் செய்ய உத்தரவு வந்திருக்கிறது, மிஷின் இருபதாம் தேதி வரை என் பொறுப்பில். புதுப் பல் மாட்டி வைத்திருக்கிறேன், இன்னும் ஸ்விட்சைத் தொடவில்லை. அதை நீ ஓட்ட வேண்டும். அதற்கு முன்னால் அந்த மிச்சமிருக்கும் ஒருத்தனை ஒரு கை பார்த்துவிடு, அவன் எங்கேயும் போக மாட்டான், வீட்டுக்குள்ளேதான் இருப்பான். அம்மாவுக்கு உன் அறையைப் பெருக்கத்தான் நேரம் போதவில்லை. குளிரில் மூட்டுக்கு எண்ணெய் தேய்த்துக்கொள், டிக்கெட் எடுத்ததும் அவளிடம் சொல், என்னிடம் சொல்ல வேண்டாம். எங்கே இருந்தாலும் தலை நிமிர்ந்து நன்றாக இரு, இருபதாம் தேதியை மறக்காதே.

உன்னைப் பிள்ளை இல்லை என்று சொன்ன
உன் அப்பா