இரட்டைப்பிள்ளைக்காரியின் கை

அக்கா,

பக்கத்து வீட்டில் தேங்காய் எண்ணெயில் கற்பூரம் போட்டுக் காய்ச்சுகிறார்கள். வாசனை ஜன்னலுக்குள் வந்ததுமே கையிலிருந்த பால் சங்கைக் கீழே வைத்துவிட்டேன். யாருக்கோ விலாவில் பிடித்திருக்கிறது. அந்தக் காய்ச்சல் நம் தெருவுக்குத் திரும்பி வந்துவிட்டது. நீ போய் இத்தனை காலம் கழித்து உனக்கு எழுத உட்கார வைத்ததும் அதுதான்.

அன்றைக்கும் இப்படித்தான் வந்தது. நின்று பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மடிவார். மூச்சு இழுக்க முடியாது. உடம்பு அனலாகக் கொதிக்கும். முதல் ஆளுக்கு வந்தபோது மாரடைப்பு என்று அலறினார்கள். அடுத்தடுத்த வீடுகளிலும், ஆலைக்குப் போனவர்களில் பாதிப் பேருக்கும் வந்ததும், மாரடைப்பு இப்படி வரிசையாகவா வரும், இது சுளுக்கு என்று முடிவுகட்டினார்கள். சுளுக்கென்றால் இரட்டைப் பிள்ளை பெற்றவள் கை பட்டால்தான் விடும். நம் தெருவில் அப்போது அந்தக் கை உனக்கு மட்டும்தான் இருந்தது.

வீராம்பட்டினத்து மீன்காரம்மா கூடையோடு உன் வாசலில் வந்து சரிந்தது நினைவிருக்கிறதா?

"அடியே, மெதுவா தேய்டி, உசுரு போவுது!"

"போவட்டும், அந்த வஞ்சிரத்த இங்க வச்சிட்டுப் போவட்டும்."

"காசு வாங்கினா கை பலிக்காதுன்னு சொன்ன?"

"காசுதான் வாங்கக்கூடாது. மீனு வாங்கக்கூடாதுன்னு எவன் சொன்னான்?"

வலியோடு சிரித்து, சிரித்ததால் இன்னும் வலித்து, அந்த அம்மாள் உன்னைத் திட்டித் தீர்த்தாள். எதிர்வீட்டுக்கு மருமகளாக வந்த புதிதில் நான் ஜன்னலில் நின்று தவித்துக்கொண்டிருந்தேன். ஆள் போனதும் ஓடி வந்து சொன்னேன்: "அக்கா, காய்ச்சலோட வர்ற வலி சுளுக்கு இல்ல. ஒட்டுற நோயின்னு டாக்டர் சொல்றாரு. தொட்டா வருமாம்."

"ஏ காலேஜி, வலிக்குதுன்னு வர்றவங்கள வாசல்ல நிக்க வச்சி பாடம் நடத்தச் சொல்றியா?"

அந்தப் பட்டப்பெயரை எனக்கு வைத்தவள் நீதான். வேறு யாராவது அப்படிக் கூப்பிட்டிருந்தால் கோபம் வந்திருக்கும்.

கடைசியில் அந்தக் காய்ச்சல் உனக்கும் வந்தது. ஒருக்களித்துக் கிடந்தபடி, "எனக்குத் தேய்க்க இன்னொரு ரெட்டப்புள்ளக்காரிக்கு எங்கடி போவ?" என்றாய். காய்ச்சல் இறங்கியது. இன்னும் கொஞ்ச நாள் அசையாமல் படுக்கச் சொன்னார் டாக்டர். "அதான் காய்ச்சல் உட்டுப்போச்சே" என்று நீ குடத்தை எடுத்துக்கொண்டு தெருக்குழாய்க்குப் போனாய். குடம் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது, பக்கத்தில் விழுந்த நீ எழுந்திருக்கவே இல்லை. சிலருக்கு இந்த நோய் இருதயத்தையும் தொட்டுவிடும், ஓய்வில் இருந்திருக்க வேண்டும் என்றார் டாக்டர்.

உனக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். எனக்கும் இரட்டை பிறந்திருக்கிறது. "இரு, இன்னொண்ணு இருக்கு" என்று மருத்துவச்சி சொன்னபோது வாசலில் இருந்தவர்கள், தெருவுக்குக் கை கிடைத்துவிட்டது என்று சிரித்தார்கள். நான் அன்றைக்கே பயப்பட ஆரம்பித்துவிட்டேன். பிள்ளைகள் இன்னும் குப்புற விழக்கூட இல்லை.

இன்று காலையில் இரண்டு பேர் வந்தார்கள். ஜன்னலுக்குப் பின்னாலிருந்தே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி அனுப்பிவிட்டேன். மூன்றாவதாக உன் வீட்டுக்காரர் வந்தார், தோளில் உன் மகளோடு. பையனை அரியாங்குப்பத்தில் அவன் அத்தை வீட்டில் விட்டுவிட்டாராம்.

"கொழந்த மூச்சு இழுக்கவே பயப்படுதும்மா. ஒரு தரம் தடவி உடு."

"டாக்டர்கிட்ட காமிச்சீங்களா மாமா?"

"காமிச்சேன். மருந்து குடுத்து, அலுங்காம படுக்க வையின்னாரு. அதான் காய்ச்சல் உட்டுப்போச்சே. நீ பிடிப்ப எடுத்துட்டீன்னா நாளைக்கு வீராம்பட்டினம் தேருக்குக் கூட்டிப் போயிடுவேன். ஒரே அழுவ."

குடத்தை எடுத்தபோது நீ சொன்ன அதே வார்த்தை, அக்கா. உள்ளே இரண்டும் தூங்கிக்கொண்டிருந்தன. கதவைச் சாத்திவிடலாம் என்றுதான் நினைத்தேன். அவளோ அப்பாவின் தோளில் உன்னைப் போலவே ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தாள். பிள்ளைகள் இருந்த அறையைத் தாழிட்டுவிட்டு வெளியே போனேன்.

தேய்க்கவில்லை. விலாவில் கையை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன். உள்ளே இருதயம் படபடவென்று அடித்தது. அவளுடையதா, என்னுடையதா தெரியவில்லை.

"எடுத்துட்டேன் மாமா. ஆனா பிடிப்பு எடுத்த உடம்பு அலுங்கக்கூடாது. டாக்டர் சரின்னு சொல்றதுக்கு முன்னாடி பாய உட்டு எழுந்திருச்சா என் கை பலிக்காது. தேரும் கிடையாது, ஒண்ணும் கிடையாது."

டாக்டர் சொன்னபோது கேட்காத மனிதர், "ரெட்டப்புள்ளக்காரி சொன்னா சரிதான்" என்று தலையாட்டினார். படித்த படிப்புக்கு இப்படியொரு பொய். ஆனால் அவள் படுத்திருப்பாள்.

அப்புறம் சோப்பு போட்டு முழங்கை வரை கழுவினேன். புடவை மாற்றினேன். இரண்டும் விழித்து வீறிட்டன. திரும்பவும் கழுவிவிட்டுத்தான் தூக்கினேன். இப்போது ஒரு வரி எழுதுகிறேன், எழுந்து போய் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன். சின்னவன் கொஞ்சம் சுடுகிறானோ? தூக்கச் சூடாகத்தான் இருக்க வேண்டும்.

தூக்கிக்கொண்டு போகும்போது உன் மகள் திரும்பிக் கேட்டாள்: "சித்தி, நாளைக்கும் கை வைப்பியா?"

வர்றேன் என்று சொல்லிவிட்டேன்.

வந்தவர்களையெல்லாம் தொட்டாயே, ஒருநாளாவது நீ பயந்தாயா அக்கா? கேட்காமலே விட்டுவிட்டேன். எனக்குப் பயம்தான் மிச்சம். அதையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு நாளைக்கு உன் வீட்டுப் படி ஏறுவேன்.