டேல் பெயரில் ஒரு பிரிவு

மார்ச் 5
மசோதாக் காலம் தொடங்கிவிட்டது. ராணுவத்துக்கு எவ்வளவு செலவு, எந்த விமானம் வாங்குவது, சிப்பாய்க்கு எவ்வளவு சம்பள உயர்வு, எல்லாம் இந்த ஒரே மசோதாவில்தான். வாஷிங்டனில் எது நிறைவேறாவிட்டாலும் இது வருடா வருடம் நிறைவேறும். அதனால் ஆளாளுக்குத் தங்கள் மூட்டையை இந்த வண்டியில்தான் ஏற்றப் பார்க்கிறார்கள்.

ஜார்ஜியாவிலிருந்து லோர்னா பிரூயிட் வந்திருந்தார், எங்கள் தொகுதிக்காரர். மகன் டேல் ராணுவப் பயிற்சியில் லாரி கவிழ்ந்து இறந்தவன். மழைச் சாலையில் பிரேக் போட்டதும் வண்டி சுழன்றுவிட்டது. புது லாரிகளில் அதைத் தடுக்கும் பிரேக் கருவி உண்டு. பழையவற்றில் இல்லை.

"எம்புள்ள போயிட்டான் தம்பி. அடுத்தவ புள்ளையும் போகக்கூடாது. எல்லா லாரிக்கும் அதை மாட்டணும், அவ்ளோதான்."

வேகவைத்த நிலக்கடலை ஒரு டப்பா கொண்டுவந்திருந்தார். "வாங்குவியா, இல்ல சட்டம் இடிக்குமா?" என்று சிரித்தார். ஆயுதக் கம்பெனிக்காரன் விருந்தில் நின்றபடி பல்குச்சியில் குத்தித் தின்றால் குற்றமில்லை, தட்டோடு உட்கார்ந்தால்தான் குற்றம் என்பது வாஷிங்டன் தர்மம். கடலைக்குக் குச்சியே வேண்டாம். வாங்கிக்கொண்டேன்.

மார்ச் 19
நான் வேலை பார்க்கும் எங்கள் தொகுதி உறுப்பினர் ஹாஸ்கின்ஸ், இதை மசோதாவில் ஒரு திருத்தமாகக் கொண்டுவர ஒப்புக்கொண்டார். "எழுதுப்பா கர்ட்டிஸ். மூணு வருஷத்துல மாட்டியே ஆகணும்னு அடிச்சு எழுது." சொல்லும்போது கண் கலங்கினார். நம்பினேன்.

மே 20
இன்று மசோதாவை அலசும் குழுவின் கூட்டம். லோர்னா பேருந்தில் வந்து காலையிலிருந்து பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தார். மடியில் டேலின் படம். கூட்டத்தில் மகன் பெயரை வாசிப்பார்கள், அதைக் காதால் கேட்கவேண்டும் என்று வந்திருக்கிறார்.

யாரும் எதிர்க்காத திருத்தங்களை விறகுபோல ஒரே கட்டாகக் கட்டி, ஒரே குரலில் நிறைவேற்றிவிடுவது இங்கே வழக்கம். நல்ல திருத்தத்துக்குக் கிடைக்கும் மரியாதை அதுதான். "நான்காம் கட்டு. ஆதரிப்போர்?" என்றார் தலைவர். "ஆம்" என்று முனகினார்கள். "நிறைவேறியது." ஒருவர் சாண்ட்விச்சைக்கூடக் கீழே வைக்கவில்லை.

கூட்டம் கலைந்தபின் கூடத்தில் லோர்னா என் கையைப் பிடித்தார்.

"தம்பி, நம்மளது எப்ப வரும்?"

"மதியமே பாஸ் ஆயிடுச்சும்மா."

"நான் இங்கதானே உக்காந்திருந்தேன்?"



செப்டம்பர் 14
இன்னொரு சபையான செனட் நிறைவேற்றிய மசோதாவில் பிரேக் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இனி இரண்டு சபைக்கும் பேரம்.

டிசம்பர் 2
பேரம் முடிந்தது. மூடிய கதவுக்குள், வழக்கம்போல. எங்கள் தொகுதியில் உள்ள விமானத் தளத்துக்குப் புது ஓடுதளமும் இதே மேஜையில்தான் கிடந்தது.

"ரெண்டையும் கேட்டா ரெண்டும் போயிரும்யா," என்றார் ஹாஸ்கின்ஸ். "ஓடுதளம் வந்தா ஊருக்கே வேலை. பிரேக்கை அடுத்த வருஷம் பாத்துக்கலாம். இப்போதைக்கு ராணுவத்துக்கிட்ட ஒரு ஆய்வு அறிக்கை கேட்டு எழுதிடு."

"அந்தம்மாகிட்ட என்ன சார் சொல்றது?"

"அந்தப் பிரிவுக்குப் பையன் பேரை வை. சந்தோஷப்படுவாங்க."

பசி என்று வந்தவளுக்குப் பசியைப் பற்றி ஓர் ஆய்வு. தூ! போய் மேஜையில் அறைந்திருக்கலாம். அறைந்தால் மட்டும்? நாளைக்கே என் நாற்காலியில் இன்னொருவன் உட்கார்ந்து எழுதுவான், என்னைவிட அழகாக.

டிசம்பர் 18
மசோதா நிறைவேறியது. பெரிய வாக்கு வித்தியாசம், முதுகில் தட்டல்கள், மது. நான் லோர்னாவுக்குப் போன் செய்தேன்.

"டேல் பேரு சட்டத்துல இருக்கா?"

"இருக்கும்மா."

"அப்ப எல்லா லாரிக்கும் மாட்டிருவாங்க."

சொன்னேன். ஆய்வு செய்வார்கள், பிறகு அறிக்கை தருவார்கள் என்று.

"அவன் எப்படிச் செத்தான்னு எனக்கே தெரியுமே தம்பி. இன்னும் என்னத்த ஆய்வு பண்ணப் போறாங்க?"

வைத்துவிட்டார்.

பிப்ரவரி 9
ஓடுதளத்துக்கு மண் வெட்டும் விழா. பளபளக்கும் மண்வெட்டியோடு ஹாஸ்கின்ஸ் பேசினார். டேல் பெயரையும் சொன்னார், குரல் தழுதழுக்க. பெரிய கைதட்டல். லோர்னா வரவில்லை.

மார்ச் 11
மறுபடியும் மசோதாக் காலம். பிரேக் அறிக்கைக்கு ராணுவத்தில் கூடுதல் அவகாசம் கேட்டிருக்கிறார்கள். கிடைத்துவிடும்.

சாயங்காலம் லோர்னா கூப்பிட்டார். டிசம்பருக்குப் பிறகு இப்போதுதான். கோபமாகப் பேசுவார் என்று நினைத்தேன். குரலில் கோபமே இல்லை.

"அலபாமாவுல ஒரு பையன். அதே பழைய லாரி, அதே மழை. அவன் அம்மா என்னைத் தேடிப் பிடிச்சு அழுதுச்சு. உன் நம்பரைக் குடுத்திருக்கேன், வரும். நாள்பூரா உக்காந்து காத்திருக்காத, கட்டாக் கட்டித்தான் போடுவாங்க, கட்டு நம்பரைக் கேட்டு வச்சுக்கன்னு சொல்லிட்டேன்."

ஏதாவது கேட்கவேண்டுமே என்று பையனின் பெயரைக் கேட்டேன்.

"அதை மட்டும் குடுக்காதேன்னும் சொல்லியிருக்கேன் தம்பி," என்றார்.