உன் செருப்பு என் கையில்

வினோதா,

நீ அசந்து தூங்கினாய், எழுப்ப மனசு வரவில்லை. ஸ்கேன் ரிப்போர்ட் வாங்கப் போகிறேன். அடுப்பில் கஞ்சி இருக்கிறது. எண்ணெய் ஒரு சொட்டு இல்லை, ருசியும் அப்படித்தான், சமைத்தது நான்.

காலாப்பட்டிலிருந்து உன் அண்ணி வறுத்த சங்கரா மீன் கொண்டுவருவார். நீ தொடாதே, பித்தப்பை சும்மா விடாது. அதைத் தின்னும் தியாகத்தை நான் செய்துகொள்கிறேன்.

நேற்று, "கல்லு என்னுது, வயிறும் என்னுது. ஆபரேஷனுக்கு வரமாட்டேன், போய்யா" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாய். "கல்லை வெச்சு வீடா கட்டப்போற?" என்று கேட்டேன். எனக்கும் பயம் வினோதா, அதான் வாய் கோணலாகப் பேசிவிட்டது.

விடியலில் ஒரு கனவு. டாக்டர் எடுத்த கல்லையெல்லாம் நம்ம பீச்சில் அலையைத் தடுக்கக் கொட்டிய பாறைகளோடு போட்டார். கடல் அரித்துக் காணாமல்போன மணலை அலையே திரும்பக் கொண்டுவந்து பரப்பியது. அதில் நீ வெறுங்காலோடு, வலியில்லாமல், ரொம்ப தூரம் நடந்தாய்.

நாகராஜ்

பி.கு: உள்தாழ்ப்பாள் போட்டுவிடாதே. சாவி இருந்தும் வாசலில் நிற்பேன்.

இன்னொன்று: "கனவுல நீ என்னய்யா பண்ணின?" என்று கேட்பாய். உன் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கரையிலேயே நின்றேன். திங்கட்கிழமை ஆபரேஷன் தியேட்டர் வாசலிலும் எனக்கு அதே வேலைதான். வா.