பப்பாளிக்கும் அந்தோணிக்கும் சம்பந்தமில்லை, அம்மா

பப்பாளி வாசம் பட்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்ட என் அருமை அம்மாவுக்கு,

உன் பேரனுக்கு ஒரு வயது முடிந்துவிட்டது. பெயர் டேனியல். நீ கண்மூடிய மறு வருஷம் பிறந்தவன். மூக்கு உன்னுடையது, பிடிவாதமும் உன்னுடையதுதான். இதையெல்லாம் நான் யாரிடம் போய்ப் புகார் சொல்வது?

இந்தக் கடிதத்தை நம் கோயில் மலரில் போடச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அம்மாவுக்கு எழுதுவதை ஊர் எதற்குப் படிக்க வேண்டும் என்று ஜோசப் கேட்டார். என் வீட்டுக்காரரைத்தான் உனக்குத் தெரியுமே, எல்லாவற்றுக்கும் ஒரு கேள்வி. உன் மேல் பழி சொன்னவர்கள் நாலு சுவருக்குள் வைத்தா சொன்னார்கள்? கோலா சாவா ரப்பர் தோட்டத்துத் தண்ணிப் பைப்படியில், கோயில் வாசலில், கல்யாணப் பந்தியில் வைத்துச் சொன்னார்கள். அப்படியானால் இல்லையென்று சொல்வதும் எல்லார் காதிலும் விழட்டும் லா.

படிக்கிறவர்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக உனக்குத் தெரிந்ததையே சொல்கிறேன், பொறுத்துக்கொள். அந்தோணி என் அண்ணன். நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்டவன். கொழுகொழுவென்று பிறந்த பிள்ளை, மூத்திரம் மட்டும் சொட்டுச் சொட்டாகப் போனான். முக்குவான், முகம் சிவந்துபோகும், தொப்புளுக்குக் கீழே தொட்டால் கல் மாதிரி இருக்கும் என்று நீ சொல்லியிருக்கிறாய். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிரெசர் பார்த்துவிட்டுச் சூடு என்றார், மருந்துத் தண்ணி கொடுத்தார். அவரைக் குறை சொல்லி என்ன செய்வது, அவர் கையில் வேறு என்ன இருந்தது? அப்புறம் வாந்தி, காய்ச்சல். உபதேசியார் ஓடிவந்து தலையில் தண்ணீர் ஊற்றிப் பெயர் வைத்தார். அன்றைக்கே போய்விட்டான்.

அடக்கம் முடிந்து வந்த வீட்டில் பெரியம்மா வாயைத் திறந்தாள். உன் கூடப் பிறந்த அக்காதான். "புள்ளத்தாச்சி பப்பாளி திங்கலாமா? அந்தச் சூடு புள்ளைக்கு எறங்கித்தான் நீர்க்கடுப்பு புடிச்சிருச்சு." நீங்கள் குடியிருந்த லயத்து வீட்டுக்குப் பின்னால் நின்ற மரத்தில் பழுத்ததை ஆசைப்பட்டுத் தின்றாய். நீ செய்ததெல்லாம் அவ்வளவுதான். அப்புறம் அந்தப் பேச்சு தோட்டம் முழுக்கச் சுற்றியது.

தோட்டத்தை விட்டுச் செனாவாங் தாமான் வீட்டுக்குக் குடி வந்த பிறகும் அது உன்னை விடவில்லை. வாசலில் தண்ணி ஓடுகிற லோங்காங் ஓரம் பப்பாளிக் கன்று தலைகாட்டினால் போதும், ஃபேக்டரி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தாலும் நின்று பிடுங்கிப் போட்டுவிட்டுத்தான் ஏறுவாய். கல்லறைத் திருநாளில் அந்தோணியின் சின்னக் கல்லறைக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றி நீ முணுமுணுத்ததை ஜெபம் என்றே ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் பக்கத்தில் நின்று கேட்டபோதுதான் தெரிந்தது. "மன்னிச்சுக்கடா சாமி, மன்னிச்சுக்கடா" என்று சொல்லிக்கொண்டிருந்தாய்.

இப்போது என் கதை. வயிற்றில் டேனியல் இருந்தபோது கிளினிக்கில் ஸ்கேன் எடுத்த நர்ஸ் மிஸ்ஸி கருவியை அதே இடத்தில் திரும்பத் திரும்ப வைத்துப் பார்த்தாள். பிள்ளையின் மூத்திரப்பை ஊதியிருக்கிறது, ரெண்டு கிட்னியும் வீங்கியிருக்கிறது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ என்றாள். அங்கே படம் போட்டுக் காட்டினார்கள். ஆண் பிள்ளைகள் சிலருக்கு மூத்திரம் வரும் குழாயில் மெல்லிய சவ்வு ஒன்று அடைத்துக்கொண்டு பிறக்குமாம். வெளியே போக வழியில்லாமல் தண்ணீர் பின்னால் தேங்கி, கிட்னியை அமுக்குமாம். அந்தப் படத்தைப் பார்த்ததுமே எனக்கு அந்தோணி ஞாபகம் வந்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை.

பிறந்ததும் டியூப் போட்டு மூத்திரத்தை வடித்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். கிரியாட்டினின் என்று ஒன்றைப் பார்ப்பார்கள். தசையில் உண்டாகிற கழிவு அது, கிட்னிதான் வெளியே தள்ள வேண்டும். கிட்னி சோர்ந்தால் ரத்தத்தில் அது ஏறும். முதல் ரத்தத்தில் வந்த அளவை ஜோசப் போனில் தட்டிப் பார்த்தார். நார்மல்! மனுஷன் துள்ளிக் குதித்தார். பிள்ளையின் ரத்தம் நல்லபடியாக வந்தால் பூசைக்கு வந்தவர்களுக்கெல்லாம் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் கொடுப்பதாக மாதாவிடம் நேர்ந்திருந்தாராம். நான் வார்டில் படுத்திருக்கிறேன், இவர் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் கோயில் வாசலில் பொட்டலம் கொடுத்துக்கொண்டிருக்கிறார். அதையும் போட்டோ எடுத்து அனுப்பினார்.

மறுநாள் அளவு ஏறிவிட்டது. அதற்கடுத்த நாள் இன்னும் ஏறியது. முந்தாநாள் நன்றாக இருந்த பிள்ளைக்கு இன்றைக்கு என்ன செய்தீர்கள் என்று ஜோசப் டாக்டரிடம் சத்தம் போட்டார். டாக்டர் என் வயதுள்ள மலாய்க்காரப் பெண், நிதானமாகப் பேசுவாள். "முதலில் நீங்கள் பார்த்தது பிள்ளையின் அளவில்லை, அம்மாவின் அளவு" என்றாள். வயிற்றில் இருக்கும்வரை பிள்ளையின் கழிவையும் தாயின் கிட்னிதான் சுத்தம் செய்கிறதாம். அதனால் பிறந்த புதிதில் பிள்ளையின் ரத்தத்தில் இருப்பது தாயின் கணக்கு. அது கழிந்த பிறகுதான் பிள்ளையின் சொந்தக் கணக்கு தெரியும். சிஸ்டாட்டின் என்று இன்னொன்று இருக்கிறது, அது தாயிடமிருந்து அவ்வளவாகக் கலக்காது, அதையும் பார்க்கிறேன் என்றாள்.

பெரியம்மாவுக்குப் போனில் சொன்னோம். எவ்வளவு பெரிய சங்கடத்திலும் அவள் வாய் சும்மா இருக்குமா? "அதனால என்னாடி இப்ப? மாதாவுக்கு முன்பணம் கட்டியாச்சு. இனிமே அவ செஞ்சுதான் ஆகணும்" என்றாள். அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டேன்.

ஆனால் அன்று முழுக்க எனக்கு அந்தத் தாயின் கணக்கு மனதைவிட்டுப் போகவில்லை. யோசித்துப் பார் அம்மா. அந்தோணி உன் வயிற்றில் இருந்த மாதமெல்லாம் அவனுக்கும் சேர்த்து உன் கிட்னி வேலை செய்திருக்கிறது. பிள்ளைக்குச் சூட்டை இறக்கினாள் என்றார்களே, அவனைச் சுத்தமாக வைத்திருந்ததே நீதான். உன்னைவிட்டு வெளியே வந்த பிறகுதானே அவனுக்கு முடியாமல் போனது? இதை உன்னிடம் சொல்ல ஒருவர்கூட அந்த லயத்தில் இல்லாமல் போனார்களே என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

டாக்டரிடம் கேட்டே விட்டேன். பிள்ளைத்தாச்சியாக இருக்கும்போது பப்பாளி தின்றால் இப்படி வருமா? அவள் சிரித்தாள். "என் மாமியாரும் என்னைப் பப்பாளி தொடவிடவில்லை" என்றாள். அப்புறம் சிரிக்காமல் சொன்னாள். கரு உருவாகும்போதே ஏற்படுகிற கோளாறு இது. தாய் தின்றதாலும் வராது, தூக்கியதாலும் வராது, அழுததாலும் வராது. அந்தோணியைப் பற்றிச் சொன்னேன். பார்க்காத பிள்ளைக்கு அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் நீ சொல்கிற அடையாளத்துக்கு இதே அடைப்பாக இருந்திருக்கலாம் என்றாள். சூடு இல்லை, அது மட்டும் நிச்சயம் என்றாள்.

சவ்வைக் கோலாலம்பூரில் வைத்து வெட்டினார்கள். வெளியே ஒரு தழும்புகூட இல்லை. அதற்குப் பிறகு காத்திருப்புதான். முதல் வருஷத்துக்குள் அந்தக் கிரியாட்டினின் அளவு எவ்வளவு கீழே இறங்குகிறதோ, அதை வைத்துத்தான் கிட்னி எவ்வளவு பிழைத்திருக்கிறது என்று சொல்வார்களாம். வருஷம் முழுக்க அந்த ஒரு அளவுக்காகத்தான் வாழ்ந்தோம். நரம்பு கிடைக்காமல் குத்திக் குத்தி எடுப்பார்கள். பிள்ளை அலறும்போது ஜோசப் கார் பார்க்கிங்குக்கு ஓடிவிடுவார்.

ஆராய்ச்சிக்காக அதிலேயே இன்னும் கொஞ்சம் ரத்தம் தருவாயா என்று டாக்டர் கேட்டாள். அடைப்பு கிட்னியைக் கெடுப்பதை இன்னும் சீக்கிரமாகக் காட்டுகிற ஏதாவது ரத்தத்தில் இருக்கிறதா என்று தேடுகிறார்களாம். டேனியலுக்கு இதனால் லாபமில்லை, இன்னும் எதுவும் உறுதியில்லை என்பதையும் மறைக்காமல் சொன்னாள். எடுக்கிற ரத்தம் போதாதா என்று ஜோசப் முறைத்தார். நான் சரியென்றேன். அந்தோணியிடம் ஒரு சொட்டு ரத்தம்கூட யாரும் கேட்கவில்லையே, அம்மா.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் பிள்ளை பிறந்த முப்பதாம் நாள் விசேஷமான முப்பது கும்பிட்டோம். நாள் தள்ளிப்போனது, போகட்டும். பெரியம்மா பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்து பிள்ளையை மடியில் போட்டாள். மூத்திரம் அடித்தான் பார், ஒரே பீச்சாக, பெரியம்மாவின் தாடைவரை! "அடி மாதாவே!" என்று கத்தினாள். எல்லாரும் கைதட்டினார்கள். அவள் துடைத்துக்கொள்ளவில்லை. பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவன் இப்படி ஒரு நாளும் போனதில்லடி" என்றாள். யாரைச் சொல்கிறாள் என்று நான் கேட்கவில்லை.

டாக்டர் சொன்னதை அப்போதுதான் அவளிடம் சொன்னேன். உன்மேல் குற்றமில்லை, பப்பாளிமேலும் இல்லை என்று.   பெரியம்மா கிளம்பும்போது வாசலில் நின்று லோங்காங் பக்கம் கை காட்டினாள். அங்கே ஒரு கன்று நின்றது. "யாரு வச்சது?" என்றாள். யாரும் வைக்கவில்லை, காக்கா போட்டிருக்கும், நாளைக்குப் பிடுங்கிவிடுகிறேன் என்றேன். உன்னைப் பார்த்து வளர்ந்தவள்தானே நான்.

"புடுங்காத" என்றாள். "இருக்கட்டும். வளரட்டும்." சொல்லிவிட்டு ஜோசப்பின் மோட்டார் சைக்கிள் பின்னால் ஏறி உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

போன வாரம் ஒரு வயதுப் பரிசோதனை. அளவு இறங்கியிருக்கிறது. முழுக்க நல்ல கிட்னி என்று சொல்லமாட்டேன், ஆனால் நல்ல இடத்தில் நிற்கிறது, வளர்ந்து ஆளாகும்வரை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றாள் டாக்டர். பார்த்துக்கொள்கிறோம். ஜோசப் மறுபடியும் நாசி லெமாக் கொடுத்தார். இந்த முறை டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் கொடுத்தார்.

லோங்காங் ஓரத்து மரம் என் தலைக்கு மேலே போய்விட்டது. காய் பிடித்திருக்கிறது, ஒன்று மஞ்சள் காட்டுகிறது. உனக்குப் பப்பாளி பிடிக்கும் என்பதே எனக்குத் தெரியாது. பெரியம்மாதான் சொன்னாள், சின்ன வயதில் ஒரு பழத்துக்கு ரெண்டு பேரும் அடித்துக்கொள்வீர்களாம்.

வருகிற கல்லறைத் திருநாளுக்கு அந்தப் பழத்தைக் கொண்டு வருகிறோம். பெரியம்மா தன் கையாலேயே அறுத்து உன் கல்லறையில் வைக்கிறேன் என்றிருக்கிறாள். அந்தோணிக்கு நான் மெழுகுவத்தி ஏற்றுகிறேன். மன்னிப்பு மட்டும் இனி நம் வீட்டில் யாரும் அவனிடம் கேட்கமாட்டார்கள். நீயும் கேட்காதே. பழத்தைச் சாப்பிடு, அம்மா.

உன் மகள், அந்தோணியின் தங்கச்சி, டேனியலின் அம்மா
ஸ்டெல்லா