கூழாங்கல் நிலையத்தில் புது லினக்ஸ்

ஐப்பசி 4, காலை 7:20
காற்று: சரி. தண்ணீர்: சரி. ரேடியோ: கேட்கவில்லை. பேசவில்லை.

முதலில் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த நிலையக் கணினியை நேற்று நானே அழித்துவிட்டேன். விண்கல் மோதவில்லை, சூரியப் புயல் அடிக்கவில்லை. ஜன்னல்களின் மூலை வட்டமாக இருந்தால் அழகாயிருக்குமே என்று ஆசைப்பட்டேன், அவ்வளவுதான். திரையில் திறக்கிற ஜன்னல்களைச் சொல்கிறேன். வேறு ஜன்னல் இங்கே கிடையாது. சிறுகோளின் பாறைக்குள் புதைத்துவைத்த தகர டப்பா இது.

இதைக் கண்டெடுப்பவருக்கு: என் பெயர் ஆவுடைச்செல்வி. வயது ஐம்பத்தொன்று, பணிப் பதிவேட்டில் நாற்பத்தெட்டு. கப்பல்களுக்கிடையே செய்தி கைமாற்றிவிடும் வேலை. ஆள் நான் ஒருத்திதான். காற்றையும் தண்ணீரையும் வேறொரு இயந்திரம் பார்த்துக்கொள்கிறது. அதில் கை வைக்க எனக்கு அனுமதி இல்லை. நல்லவேளை.

பொழுதுபோக்கு, லினக்ஸ்: விண்டோஸ்போல் கணினியை ஓட்டும் மென்பொருள், விதவிதமாகக் கிடைக்கும். பாளையங்கோட்டையில் ஒரு மொபைல் ரிப்பேர் கடை மாடியில் ஞாயிற்றுக்கிழமை கூடும் குழுவில் பழகியது. எங்கள் குழுவில் இரண்டு போட்டி உண்டு. யார் திரை அழகு என்பது ஒன்று. யார் கணினி அணைக்காமல் அதிக நாள் ஓடுகிறது என்பது இன்னொன்று. ரீஸ்டார்ட் செய்தேன் என்று ஒருவர் வாய்தவறிச் சொல்லிவிட்டால், பந்தியில் பாதியில் எழுந்து போனவரைப் பார்ப்பதுபோல் எல்லோரும் பார்ப்பார்கள்.

அந்தக் குழுவின் நாகூர்கனிதான் இப்போது எனக்குச் சரக்கு கொண்டுவரும் ‘கொண்டல்’ கப்பலில் ரேடியோ அதிகாரி. மேலப்பாளையத்துக்காரன், என்னைவிட ஏழெட்டு வயது சின்னவன், வாய் மட்டும் மூத்தது. போன மாதம் தன் திரையைப் படம் பிடித்து அனுப்பினான். கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும் ஜன்னல்கள், வட்ட மூலைகள். எனக்குப் பொறுக்கவில்லை. “பொறு, நானும் ஒரு அதிசயம் அனுப்புகிறேன்” என்று சவால் விட்டேன். பென்டிரைவில் வைத்திருந்த புது லினக்ஸை ஏற்றினேன். மூலைகள் இட்லி மாதிரி வட்டமாக வந்தன. பார்த்துப் பூரித்து அரைமணி நேரம் கழித்துத்தான் தெரிந்தது, நம் பேச்சை வெளியே அனுப்பும் டிரான்ஸ்மிட்டர் என்று ஒன்று இருப்பதே இதற்குத் தெரியவில்லை.

ஐப்பசி 4, மாலை 6:45
ரேடியோ: கேட்பது மட்டும்.

கேட்பதும் தானாக வரவில்லை. தூசி படிந்த பழைய குறிப்புகளிலிருந்து இரண்டு, ஊகத்தில் மூன்று என்று கட்டளைகளைத் தட்டிக்கொண்டே போனேன். ஏதோ ஒன்று பிடித்துக்கொண்டது. எது என்று சத்தியமாகத் தெரியாது. ஸ்பீக்கர் கரகரத்து அவன் குரல் வந்தது:

“கூழாங்கல், கூழாங்கல், கொண்டல் பேசுது. ஆவுடக்கா, நாகூர்கனி. அரிசி, புளி, ஒங்க கருப்பட்டி, எல்லாம் ஏத்தியாச்சு. பத்தாம் தேதி வந்துருவோம். அதிசயம் அனுப்புதேன்னிய, இன்னும் காணோம். வெக்கமாக்கும்?”

பதிலுக்கு நான் சொன்னதை இங்கே எழுத முடியாது. எப்படியும் அது இந்த அறையைத் தாண்டவில்லை.

விதியைச் சொல்லிவிடுகிறேன். நிலையத்திலிருந்து ஆள் பதில் பேசாவிட்டால் கப்பல் இணையாது. முன்பு ஒரு நிலையத்தில் விஷவாயு கசிந்து கிடந்தது தெரியாமல் ஒரு கப்பல் போய் ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு வந்த விதி. ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி நின்று கூப்பிடுவார்கள். பதில் இல்லையென்றால் போய்விடுவார்கள். அடுத்த கப்பல் வருவதற்குள் என் அரிசி தீர்ந்துவிடும். அரிசி தீர்ந்த பிறகு எத்தனை மாதம் என்று கணக்குப் போட்டேன். பிறகு அந்தக் கணக்கை அழித்துவிட்டேன். அழிப்பது எனக்குக் கைவந்த கலை.

ஐப்பசி 6, பகல் 1:10
டிரான்ஸ்மிட்டர்: இல்லை என்கிறது. பின்பக்கச் சுவரில் ஆணியடித்து நிற்கிறது. தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன். இருக்கிறது.

டிரான்ஸ்மிட்டரையும் கணினியையும் பேசவைக்க ஒரு சின்ன நிரல் வேண்டும். டிரைவர் என்பார்கள். பழைய லினக்ஸில் அது இருந்தது. அதைத்தான் அழித்துவிட்டேனே. சரி, நாமே எழுதிக் கட்டுவோம் என்று உட்கார்ந்தேன். கட்டுவதற்குத் தேவையான ஒரு மென்பொருள் பொதி இல்லை என்றது கணினி. அந்தப் பொதியைத் தேடி எடுத்தால், அது இன்னொன்றைக் கேட்டது. அந்த இன்னொன்று முதலாவதைக் கேட்டது. கல்யாண வீட்டில் மாமாவைக் கேட்டால் சித்தப்பாவைக் கேள், சித்தப்பாவைக் கேட்டால் மாமாவைக் கேள் என்பார்களே, அதேதான்.

நிலையத்தில் எங்கள் குழுவின் கேள்வி பதில் பக்கங்களின் நகல் இன்னொரு பென்டிரைவில் உண்டு. தேடினேன். கிடைத்தது! இதே டிரான்ஸ்மிட்டர், இதே பிழைச் செய்தி. கேட்டவர் ‘குற்றாலச்சாரல்’ என்ற புனைபெயரில் ஒருவர். ஏழு பக்கம் நீளும் பேச்சு. இரண்டாம் பக்கத்தில் ஒருவர் ‘உன் லினக்ஸே மட்டம், எங்களுடையதுக்கு வா’ என்கிறார். மூன்றாம் பக்கம் முழுக்க அதற்குச் சண்டை. ஏழாம் பக்கக் கடைசியில் குற்றாலச்சாரல் எழுதியிருக்கிறார்: ‘சரியாகிவிட்டது. அனைவருக்கும் நன்றி.’

எப்படிச் சரியானது என்று ஒரு எழுத்து இல்லை. அந்த மனிதருக்கு இந்தப் பாறையிலிருந்து என் வாழ்த்துகள். அவர் இலையில் என்றும் உப்பு இல்லாமல் போகட்டும்.

ஐப்பசி 8, மாலை 4:30
காற்று: சரி. சாப்பாடு: கஞ்சி.

“யக்கா, விளையாடாதிய. நேத்துலேர்ந்து கூப்பிடுதேன். கேப்டனம்மா என்னயே ஒரு மாதிரி பாக்குதாவ. ஒடம்பு கிடம்பு சரியில்லையா?”

அவன் ‘ஒடம்பு சரியில்லையா’ என்று கேட்டதும் உதட்டைக் கடித்துக்கொண்டேன். இந்தப் பாறைக்கு வந்ததிலிருந்து அதை யாரும் கேட்டதில்லை. பணிப் படிவம் கேட்கும், அது வேறு.

விண்வெளி உடுப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய் டார்ச் அடித்தேன். கப்பல் எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியவில்லை. நட்சத்திரங்கள் எல்லாம் ஒரே மாதிரி. ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் அடித்தேன். கை வலித்தது. இரண்டு நாள் தூரத்தில் வந்துகொண்டிருக்கும் கப்பலுக்கு டார்ச் அடித்துக் கூப்பிட்ட முதல் பெண் நான்தான் என்று நினைக்கிறேன். எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் இப்படிக் கை காட்டினால் பஸ்ஸே நிற்காது.

ஐப்பசி 9, காலை 9:05
டிரைவர் பாதி கட்டியாயிற்று. மீதிப் பாதி கட்ட மறுக்கிறது. தூங்கவில்லை. பிழைச் செய்திகள் இப்போது எனக்கு மனப்பாடம். பாட்டாகவே பாடுகிறேன்.

“அக்கா. ஒங்க சத்தம் வரல. ஆனா நான் பேசுதது ஒங்களுக்குக் கேக்கும்னு மனசு சொல்லுது. எதயோ புதுசா ஏத்தி மாட்டிக்கிட்டிய. என்கிட்ட மறைக்க முடியுமா? ஒண்ணு சொல்லுதேன், கோவப்படாதிய. ஒரு தடவ ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க.”

திட்டினேன். அவனுக்குக் கேட்காது என்பதால் நிறுத்தி நிதானமாகத் திட்டினேன். மறுபடி பேசினான்.

“இங்க என் மெஷின இப்பதான் அணைச்சுட்டு வந்தேன். பதினோரு வருசமா ஓடிக்கிட்டு இருந்தது. போட்டி முடிஞ்சுபோச்சு. நான் தோத்தாச்சு. இனி ஒங்களுக்கு என்ன வெக்கம்? பண்ணுங்கக்கா.”

பதினோரு வருடம். கப்பலேறும்போதுகூட அணைக்காமல் பேட்டரியோடு தூக்கிக்கொண்டு போனான். அவன் கல்யாணத்தன்றுகூட அணைக்கவில்லை. மாப்பிள்ளைக் கோலத்தில் ஓடிவந்து இன்வெர்ட்டரைப் பார்த்துவிட்டுப் போனான் என்று குழுவே பேசிச் சிரித்தது.

அவனிடம் சொல்ல வழியில்லை, இங்கே சொல்கிறேன். வெட்கம் என்பது முதல் நாளோடு போய்விட்டது. நான் ரீஸ்டார்ட் செய்யாததற்குக் காரணம் வேறு. ரேடியோ இப்போது எந்தக் கட்டளையால் கேட்கிறது என்று எனக்குத் தெரியாது. அணைத்தால் அது அழிந்துபோகும். மறுபடி எழும்போது ஸ்பீக்கர் ஊமையாகிவிட்டால்? பேச முடியாமல் இருப்பதை எப்படியோ தாங்கிக்கொள்கிறேன். அவன் குரலும் போய்விட்டால் இந்த டப்பாவுக்குள் காற்று இயந்திரத்தின் உறுமல் ஒன்றுதான் மிச்சம். அது என்னை அக்கா என்று கூப்பிடாது.

இரண்டு முறை பொத்தான்வரை விரல் போனது. எடுத்துவிட்டேன்.

ஐப்பசி 10, காலை 6:00
கொண்டல் வந்துவிட்டது. மாலைவரை நிற்கும். டிரைவர், டிரைவர், டிரைவர்.

ஐப்பசி 10, பகல் 2:40
கட்டி முடித்துவிட்டேன்! ஏற்றினேன். ‘வெற்றி’ என்றது. மைக்கில் கத்தினேன். “நாகூரு, நான்தான், ஆவுடை, உயிரோடுதான் இருக்கேன், திரையைப் பாத்தியா, மூலையெல்லாம் வட்டம்” என்று என்னென்னவோ. அழுதிருக்கவும் வேண்டும், மைக் நனைந்திருக்கிறது.

அவன் அதே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தான். நிறுத்தவில்லை. கேட்டவன் அப்படிப் பேசிக்கொண்டிருக்க மாட்டான்.

பார்த்தேன். டிரைவர் ஏறியிருக்கிறது. ஆனால் டிரான்ஸ்மிட்டர் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. வெற்றி என்றது யாருக்கு என்று தெரியவில்லை.

ஐப்பசி 10, மாலை 6:20
“கூழாங்கல் நிலையத்திலிருந்து பதில் இல்லை. விதிப்படி இணையாமல் கடக்கிறோம். நிலையத்தில் ஆள் இல்லை எனப் பதிவு செய்யப்படுகிறது.”

இது அவன் வாசிக்கும் குரல். பிறகு அவன் பேசும் குரல்:

“கேப்டனம்மாட்ட எவ்வளவோ சொல்லிப் பாத்தேன்க்கா. அவங்க மேலயும் தப்பில்ல, கப்பல்ல இருவது பேரு இருக்காவ. ஒரு தடவ தாண்டிட்டா நாங்க திரும்ப முடியாது, அதுக்கு எரிபொருள் கெடையாது. இன்னும் ஒரு மணி நேரத்துல ஆண்டெனாவ அடுத்த நிலையத்துப் பக்கம் திருப்பிருவாவ, அதுவரைக்கும் ஒங்களுக்கு என் சத்தம் கேக்கும். நான் பேசிக்கிட்டே இருக்கேன். ஒங்க கருப்பட்டியத் தனியா எடுத்து வச்சிட்டேன். ஒருத்தருக்கும் குடுக்க மாட்டேன்.”

பேசிக்கொண்டே இருந்தான். குழுவில் யார் யாரோடு பேசுவதில்லை, கடை மாடியில் மழை ஒழுகியது, அவன் மகள் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரைத் திருத்தியது. சில இடங்களில் சிரித்தேன். கரகரப்பு கூடியது. ‘அக்கா’ மட்டும் தெளிவாகக் கேட்டது. பிறகு அதுவும் கரகரப்பாகிவிட்டது.

ஐப்பசி 11
நேரம் பார்க்கவில்லை. காற்று: சரி. தண்ணீர்: சரி.

இனிக் கட்ட ஒன்றும் இல்லை. ஒரு வாரமாகத் திரையை அடைத்துக்கொண்டிருந்த, கட்டளை தட்டும் கறுப்பு ஜன்னல்களை ஒவ்வொன்றாக மூடினேன். அழகு அழகு என்று ஏற்றினோமே, பின்னாலிருக்கும் படத்தையாவது ஒருமுறை முழுதாகப் பார்ப்போம் என்று. நல்ல படம். மலை, ஏரி, பனி.

ஏரிக்கு மேலே இடது மூலையில் ஒரு சின்னப் படம். அதன் கீழே எழுத்து: ‘இந்தக் கணினியில் நிறுவ, இருமுறை சொடுக்கவும்.’

லினக்ஸை நிறுவாமல், பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கும்போது மட்டும்தான் அந்தப் படம் தெரியும். எங்கள் குழுவுக்குப் புதிதாக வருகிறவர்கள் இதில் ஏமாறுவார்கள், நான் சிரித்திருக்கிறேன். நிறுவும்போது ‘நீங்கள் இருப்பது எந்த ஊர்’ என்று அது கேட்டது. பட்டியலில் இந்தப் பாறை இல்லை. எதையோ அழுத்திவிட்டுக் கஞ்சி வைக்கப் போனேன். அந்தக் கேள்வியிலேயே அது சத்தமில்லாமல் நின்றுபோயிருக்கிறது. திரும்பி வந்த நான் பளபளக்கிற திரையைப் பார்த்து முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

கணினியின் வன்தட்டைத் திறந்து பார்த்தேன். பழைய லினக்ஸ், டிரான்ஸ்மிட்டர் டிரைவர், சதுர மூலைகள், எல்லாம் வைத்தது வைத்தபடி இருக்கின்றன. பென்டிரைவைப் பிடுங்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் எழுந்துகொள்ளும். அணைத்தால் இங்கே எழுதியதெல்லாம் போய்விடும் என்பதால் இந்தக் குறிப்பை அங்கே நகலெடுத்து வைக்கிறேன்.

முதல் நாள் எழுதியதில் ஒரு திருத்தம்: நான் எதையும் அழிக்கவில்லை.