பிட்டுக்குள் இருந்த பொட்டலம்

12.9.1984, புதன்

போதைப்பொருள் சட்டத்தைக் கடுமையாக்கியிருக்கிறார்கள். எங்கள் சிறைச்சாலைக்குள் கஞ்சா கொண்டுவருகிறவர்களுக்கும் இனித் தண்டனை உண்டென்ற அறிவித்தலைக் காலையில் நான்தான் தமிழில் எழுதி வாசலில் ஒட்டினேன். எழுதுவினைஞனான என் வேலை அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

பத்து மணிபோல நீர்வேலியிலிருந்து கைதி செல்வராசாவின் அக்கா சாப்பாட்டுப் பார்சலோடு வந்தார்.

"எனக்கு வாசிக்கத் தெரியாது ஐயா. உதிலை என்ன எழுதியிருக்கு?"

வாசித்துக் காட்டினேன். அவர் பார்சலைப் பிரித்து, பிட்டுக்குள்ளிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து என் மேசையில் வைத்தார்.

"அவன்தான் கேட்டவன். இல்லாட்டி உடம்பு நடுங்குதாம்."

நான் அவரைப் பிடித்துக் கொடுத்திருக்க வேண்டும். பொட்டலத்தை மலகூடத்தில் கொட்டிவிட்டு அவரை வீட்டுக்கு அனுப்பினேன்.

பின்னேரம் செல்வராசாவிடம் நடந்ததைச் சொன்னேன். கோபிப்பான் என்று நினைத்தேன். அவன் கோபிக்கவில்லை.

"இனி அக்காவை என்னட்டை விடாதேங்கோ ஐயா. கண்டால் திரும்பவும் கேட்பன். கேட்டால் அவ கொண்டு வருவா."

அடுத்த புதன் அவர் வருவார். உண்மையைச் சொன்னால், தம்பிக்கு அது இன்னும் வேண்டியிருக்கிறது என்று எப்படியாவது ஒளித்துக் கொண்டுவருவார். தம்பிக்கு உங்களைப் பார்க்க விருப்பமில்லை என்று சொன்னால், நம்பிவிடுவார்.