ஸெரியோன்: இரண்டு அசை

பசுமலை,
6-10-2024

அன்பு மகள் ஹெப்சிபாவுக்கு,

நானும் அம்மாவும் சுகம். போனில் பேசினால் அம்மா காதில் விழும், அதனால் மின்னஞ்சல். நீ விரும்பும் பிரெஞ்சுக்காரர் மத்தியோவின் தாயார் கொலெத் அம்மையார் சம்பந்தம் பேச நம் வீட்டுக்கு வர விரும்புவதாக எழுதியிருந்தாய். பெண் வீட்டார்தான் முறையாக அழைக்க வேண்டும். அதைப் பிரெஞ்சிலேயே சொல்லலாம் என்று துணிந்தேன். துணிந்தேன் என்பது கொஞ்சம் அதிகம்.

"நூ ஸெரியோன் ஸொரோ." நாங்கள் மகிழ்வோம் என்று பொருள்; ‘நீங்கள் வந்தால்’ என்பது தானே விளங்கும். இதில் ‘ஸெரியோன்’தான் சிக்கல். இலக்கணப்படி பிரித்தால் ‘ஸெர்’ பகுதி, ‘இயோன்’ விகுதி. வாயால் சொன்னால் ‘ஸெ’, ‘ரியோன்’ என்று இரண்டு அசை. ன் மூக்கோடு நின்றுவிட வேண்டும். கடைசியில் எழுதும் எஸ் தனியே ஒலிக்காது. அடுத்த சொல் உயிரில் தொடங்கினால் அதோடு ஒட்டிக்கொள்கிறது. சரிதானா?

நாள் முழுதும் சொல்லிப் பார்க்கிறேன். அம்மா அடுப்படியில் பாத்திரத்தை ஓங்கி வைக்கிறாள்.

அன்புடன்,
அப்பா ஞானம்

லியோன்,
9-10-2024

அன்புள்ள அப்பா,

உச்சரிப்பெல்லாம் சரிப்பா. அம்மா என்ன நினைக்கிறாள் என்று ஒரு வரிகூட இல்லையே? "வெள்ளைக்காரனா? என்னால ஒத்துக்க முடியாது" என்று சொன்னதோடு சரி, என்னிடம் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. அம்மா முகம் கொடுக்காத வீட்டுக்குக் கொலெத்தை எப்படிக் கூட்டி வருவேன்? ஞாயிறு மாலை அவர் உங்களைக் கூப்பிடுவார். உங்களுக்கு விருப்பமில்லை என்றால் பயணத்தை விட்டுவிடலாம் என்கிறார். அப்புறம் இந்தக் கல்யாணத்தைப் பற்றிப் பேச எனக்கு வாய் வராது.

உங்கள்,
ஹெப்சி

பசுமலை,
14-10-2024

அன்பு மகளே,

நேற்று கொலெத் அம்மையார் கூப்பிட்டதும் எழுந்து நின்றுகொண்டேன். "நூ ஸெர்..." என்றேன். பகுதியோடு நின்றுவிட்டது, விகுதி வரவில்லை. மறுபடியும் "ஸெர்...".

"இம்புட்டு நாளா என் காதப் புளிக்க வச்சீங்க, இப்ப வரலையாக்கும்? குடுங்க இங்கிட்டு" என்று அம்மா போனைப் பிடுங்கினாள். "நூ ஸெரியோன் ஸொரோ" என்றாள், ஒரே மூச்சில். பிறகு தமிழிலேயே, "தை மாசம் வாங்க சம்பந்தி, வெயில் இருக்காது" என்றாள். அந்தம்மா சிரித்துக்கொண்டே ஏதேதோ சொன்னார். எனக்கு ‘மெர்சி’, அதாவது நன்றி, மட்டும் புரிந்தது.

அம்மாவிடம், "அப்ப உனக்குச் சம்மதமா?" என்று பயந்துகொண்டே கேட்டேன்.

"பின்னே? நீங்க திக்குற திக்குல, நமக்கு இஷ்டமில்லன்னுல்ல அந்தம்மா நெனச்சிருக்கும்!"

இப்போது பக்கத்தில் உட்கார்ந்து இதைப் படித்துக்கொண்டிருக்கிறாள். "சாப்பிடயில, இன்னுங் கொஞ்சம் வச்சுக்கங்கன்னு சொல்லணும்ல? அதுக்கு அவுக பாஷையில என்னன்னு கேளுங்க" என்கிறாள். அசை பிரித்து அவளுக்கே எழுது. நான் கேட்டுக் கற்றுக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா, அம்மா